நிலத்தை எடுப்பது யார், யாரைக் கேட்டு?

(உத்திரமேரூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் ஆட்சியைப் பற்றிப் பேச வருகிறவர் எவரும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தாண்டிப் போக முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், ஊர்ச் சபையைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அங்கே வெட்டி வைத்தார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். இதுதான் குடவோலை முறை. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. இதையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

நான் இன்று கேட்டுக்கொள்வது அந்த 6 பேர் கொண்ட ஏரி வாரியத்தைச் சற்று நினைத்துப் பார்க்கச் சொல்லித்தான். வைரமேகத் தடாகம் என்று பழைய கல்வெட்டுகள் குறிக்கும் நம் பெரிய ஏரியைத் தூர் வாருவதற்கென்றே பல்லவர் காலத்தில் கொடை வைத்திருக்கிறார்கள். ஏரி யாருடையது, அதன் மண்ணை எங்கே கொட்டுவது, மதகை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஊருக்குள்ளேயே இருந்தது. இன்று ஒரு பெரிய திட்டத்துக்காக ஓர் ஏரியையே அளந்து எடுக்க வேண்டும் என்றால், அந்த ஊர் ஊராட்சியின் ஒப்புதல் தேவையில்லை. ஊராட்சித் தலைவருக்குச் செய்தித்தாளில்தான் தெரியவரும். இந்த மாவட்டத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நகராட்சி நம் வீட்டை எடுத்துக்கொள்ளுமா, பேரூராட்சி பஸ் நிலையத்துக்கு என் இடத்தைப் பிடுங்குமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் உள்ளாட்சிக்குத் தானாக நிலம் எடுக்கும் அதிகாரம் கிடையாது. அது அரசிடம் கேட்கலாம்; எடுப்பது அரசு. இந்த வேறுபாட்டை 2024 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கொல்கத்தா வழக்கில் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொல்கத்தா மாநகராட்சி ஒரு தனியார் இடத்தைப் பூங்காவுக்கென்று எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. மாநகராட்சிச் சட்டத்தில் 352ஆம் பிரிவைக் காட்டியது. அந்தப் பிரிவு என்ன இடம் வேண்டும் என்று அடையாளம் காண மட்டுமே ஆணையருக்கு அதிகாரம் தருகிறது, எடுப்பதற்கு அன்று, என்று நீதிபதிகள் நரசிம்மாவும் அரவிந்த் குமாரும் தீர்ப்பளித்தார்கள். மாநகராட்சிக்கு 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலை விட்டு வெளியேறியது. இப்போது 300அ பிரிவில் அரசமைப்பு உரிமையாக மட்டும் நிற்கிறது. அதனால் அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். நீதிமன்றம் அந்த ஒரு வரிப் பிரிவுக்குள்ளேயே ஏழு உரிமைகள் இருக்கின்றன என்றது. எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆட்சேபணையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டபின் காரணத்தோடு முடிவு எழுத வேண்டும். பொதுக் காரியத்துக்காக மட்டுமே எடுக்க வேண்டும். நியாயமான இழப்பீடு தர வேண்டும். காலம் கடத்தாமல் நடத்த வேண்டும். எடுத்தால் முழுவதுமாக எடுத்து முடிக்க வேண்டும். பாதியில் தொங்கவிடக் கூடாது. பணம் கொடுத்துவிட்டோமே என்பது இந்த ஏழில் ஒன்றுக்குத்தான் பதில். மீதி ஆறுக்கும் அரசு தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நகர நிர்வாகமே நேரடியாக வீடுகளை எடுக்க முடியும். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு சிறு துறைமுக நகரம். வேலைவாய்ப்புக் குறைந்து வாடிப்போயிருந்த ஊர். ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே ஆராய்ச்சிக்கூடம் அமைக்க வந்தது. அதையொட்டி ஃபோர்ட் ட்ரம்புல் என்ற குடியிருப்பையே புதிதாக மாற்றி அமைக்க நகரமன்றம் திட்டம் போட்டது. வளர்ச்சிக் கழகம் ஒன்றிடம் வீடுகளை எடுக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. சூசெட் கெலோ என்ற பெண்ணும் அண்டை வீட்டார் சிலரும் மறுத்தார்கள். அந்தத் தெருவில் 1918இல் பிறந்து அங்கேயே வாழ்ந்த ஒரு மூதாட்டியும் அவர்களில் இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 ஜூன் 23 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரம் வென்றது. வேலைவாய்ப்பும் வரி வருமானமும் பெருகும் என்றால் அதுவே பொதுக் காரியம்தான் என்றது பெரும்பான்மை.

பிறகு என்ன ஆயிற்று? 2009இல் ஃபைசர் அந்த ஊரைவிட்டு வெளியேறப் போவதாக அறிவித்தது. வீடுகள் இடிக்கப்பட்ட இடம் ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. மக்கள் கொதித்ததில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்திக்கொண்டன. அதற்கு முன்பே, 1981இல், டெட்ராய்ட் நகரில் போல்டவுன் என்ற குடியிருப்பை ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக இடித்தார்கள். 2004இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் அன்று தான் ஒப்புக்கொண்டது தவறு என்று வேறொரு வழக்கில் திரும்பியது. இடிந்த வீடுகளுக்கு அந்தத் திருப்பத்தால் பயனில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்திலும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. மேற்கு வங்கத்தில் சிங்கூரில் நானோ காருக்காக 2006இல் எடுத்த 997 ஏக்கரை, அந்த எடுப்பே செல்லாது என்று 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் விவசாயிகளுக்குத் திருப்பியது. அதற்குள் வயலில் கான்கிரீட் போட்டாகிவிட்டது. நிறுவனம் கணக்குப் பார்த்து வரும், கணக்குப் பார்த்துப் போகும். நிலம் கொடுத்தவர் போக முடியாது. ஆகவே எடுப்பதற்கு முன்பு கேட்கும் கேள்விதான் உயிரானது. எடுத்தபின் கேட்பதெல்லாம் இழப்பீட்டுக் கணக்கு.

எடுப்பதற்கு முன்பு கேட்பதற்கென்றுதான் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் வந்தது. 1894இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் 119 ஆண்டு ஓடி முடிந்து, 2014 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் இழப்பீடு உயர்ந்தது என்பதை மட்டுமே பலர் பேசுகிறார்கள். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையான எண்ணால் பெருக்க வேண்டும், அதன் மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தின் நெஞ்சு அங்கே இல்லை. சமூகத் தாக்க ஆய்வு என்று ஒன்றை அது கட்டாயமாக்கியது. நிலம் எடுக்க நினைத்தவுடனே, அந்த ஊராட்சியோடு, கிராம அளவில், கலந்து பேச வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஆய்வு முடிய வேண்டும். உள்ளூரிலேயே பொது விசாரணை வைக்க வேண்டும். அறிக்கையை உள்ளூர் மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். பிறகு 7 பேர் கொண்ட வல்லுநர் குழு அதைப் பார்க்கும். அந்த 7 பேரில் 2 பேர் ஊராட்சியின் அல்லது கிராம சபையின் பிரதிநிதிகள். இந்தத் திட்டத்தால் வரும் துன்பம் பயனைவிடப் பெரியது, கைவிடுங்கள் என்று அந்தக் குழு எழுதலாம். தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் 80 விழுக்காடு குடும்பங்களும், அரசு தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 விழுக்காடு குடும்பங்களும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். இருபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொட வேண்டும்.

குடவோலைக்குப் பிறகு, நிலம் பற்றிய முடிவில் ஊருக்கு இவ்வளவு இடம் கொடுத்த எழுத்து வேறு இல்லை என்றே நான் சொல்வேன்.

தமிழ்நாடு அந்த இடத்தைத் தன் மக்களுக்குக் கொடுக்கவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் நிலம் எடுக்க மூன்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக 1978இல் ஒன்று, தொழில் காரியங்களுக்காக 1997இல் ஒன்று, மாநில நெடுஞ்சாலைகளுக்காக 2001இல் ஒன்று. நடைமுறையில் பெரிய பரப்புகள் பின்னிரண்டின் கீழ்தான் போகின்றன. இந்த மூன்றுக்கும் 2013 சட்டத்தின் ஆய்வும் சம்மதமும் தேவையில்லை, இழப்பீட்டையும் மறுவாழ்வையும் மட்டும் பொருத்திக்கொள்கிறோம் என்று 105அ என்ற பிரிவை மாநிலச் சட்டமன்றம் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்தது. 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதே ஆண்டிலேயே மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர் கொடுத்து, 2013 செப்டம்பரிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டு இன்னொரு சட்டம் இயற்றினார்கள். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. அதிகாரம் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். அதைப் பயன்படுத்தியது சரியா என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்க்க முடியாது. வாக்களிக்கிற நாம்தான் தீர்க்க வேண்டும். சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கட்சி ஆண்டது, அதன் பலனை அனுபவித்தபோது இன்னொரு கட்சி ஆண்டது. இரண்டுமே எதிர்க்கட்சியாக இருந்தபோது விவசாயிகள் பக்கம் நின்று பேசியவைதாம்.

பரந்தூருக்கு வருகிறேன். 2022 ஆகஸ்ட் மாதம், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்ற அறிவிப்பு வந்தது. பரந்தூர், ஏகனாபுரம், நாகப்பட்டு, நெல்வாய், தண்டலம், வளத்தூர், மடப்புரம், இடையார்பாக்கம், சிங்கிலிப்பாடி என 13 கிராமங்கள். முதலில் 4,500 ஏக்கரைத் தாண்டிய கணக்கு; பிறகு 5,746 ஏக்கர் என்று நிர்வாக அனுமதி வந்தது. அதில் ஏறத்தாழ 3,774 ஏக்கர் பட்டா நிலம், 1,972 ஏக்கர் அரசு நிலம்.

அரசு நிலம் என்று தாளில் எழுதியிருப்பதை வெளியூர்க்காரர் காலி நிலம் என்று எடுத்துக்கொள்வார். உங்களுக்குத் தெரியும், அது ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், களம், சுடுகாடு. பட்டா நிலத்துக்காவது ஒரு விலை பேசுவார்கள். மேய்க்கால் புறம்போக்கில் பத்து ஆடு மேய்த்துப் பிழைத்த கைம்பெண்ணுக்கு எந்த வாய்பாட்டில் விலை போடுவது? கம்பன் கால்வாய் அந்த நிலப்பரப்பின் ஊடே ஓடுகிறது. கீழே உள்ள ஏரிகளுக்கு அது தண்ணீர் கொண்டுபோகிறது. காஞ்சிபுரத்தை ஏரிகளின் மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. நடுவில் ஒன்றை மூடினால் மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும். இந்தச் சங்கதியைச் சொல்ல 6 பேர் கொண்ட ஏரி வாரியமே போதுமாக இருந்தது. இன்று நீர்நிலைகளைப் பற்றி ஆராயக் குழு அமைத்தார்கள். ஆனால் இடம் தேர்ந்தெடுத்த பிறகு அமைத்தார்கள்.

2023 ஏப்ரலில், சட்டமன்றத் தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று இன்னொன்று நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டப் பகுதிக்குள் ஏரியோ ஓடையோ இருந்தால், அதையும் சேர்த்துத் திட்டத்துக்குக் கொடுக்க அது வழி செய்கிறது. ஏரியின் நீர்க் கொள்ளளவு குறையக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கொள்ளளவை எண்ணால் காட்டிவிடலாம். ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயை எந்த எண்ணால் காட்டுவார்கள்?

ஏகனாபுரத்து மக்கள் செய்ததை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில் விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த கிராம சபையிலும் போட்டார்கள். அதற்கடுத்ததிலும் போட்டார்கள். வேலைக்குப் போய் வந்த பிறகு மாலையில் ஒன்றுகூடி நூற்றுக்கணக்கான நாட்கள் தொடர்ந்து போராடினார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அரசியல் தலைவர்கள் வந்து போனார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. ஜூலையில் நேரடியாக விலை பேசிக் கிரயம் செய்யும் பதிவு தொடங்கியது. அத்தனை கிராம சபைத் தீர்மானங்களும் எங்கே போயின? பதிவேட்டில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவை கருத்துகள், அவ்வளவுதான். 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. 1994 ஊராட்சிச் சட்டம் ஆண்டுக்கு இத்தனை முறை கூட்ட வேண்டும் என்றது. 2022 முதல் நம் மாநிலத்தில் ஆறு முறை கூடுகிறது. கூடுவதற்கு நாள் குறித்தார்கள், கூடி எடுத்த முடிவுக்கு எடை வைக்கவில்லை.

விற்க முன்வந்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எடுக்கப் போகிறார்கள் என்று அறிவித்துவிட்ட நிலத்தை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். வங்கி கடன் தராது. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு நிற்கும். இரண்டு மூன்று ஆண்டு அப்படி வைத்துவிட்டு விலை பேசினால், அதை முழு விருப்பத்தோடு விற்றதாகச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உத்திரமேரூருக்கு இது தூரத்துச் செய்தி அன்று. 2018இல் அறிவித்த சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் 277 கிலோமீட்டர். அதில் 59 கிலோமீட்டர் பழைய காஞ்சிபுரம் மாவட்டம். உத்திரமேரூர் வட்டத்தையும் அது தொட்டது. போலீஸ் பாதுகாப்போடு வயலில் இறங்கிக் கல் நட்ட காட்சியைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் நிலம் கைக்கு வருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, உரியவர் பெயரையே எழுத வேண்டும் என்ற உத்தரவை மட்டும் நிலைநிறுத்தியது. பட்டாவில் தன் பெயர் இல்லாமல் போனதை அடங்கல் வாங்கப் போன இடத்தில் தெரிந்துகொள்வது எத்தகைய அவமதிப்பு! அந்தச் சின்ன வரி தீர்ப்பில் வந்ததற்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

இனி நில எடுப்பு இன்னும் வேகமாக வரும். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் ஆணை வந்தது; காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்கள் பல அதற்குள் வருகின்றன. நகரம் வளரும்போது சாலை, பஸ் நிலையம், கழிவுநீர் நிலையம் எல்லாம் எங்காவது வந்துதான் ஆக வேண்டும். நான் வளர்ச்சிக்கு எதிரி அல்லன். வழியில் ஒருவர் மறுத்தார் என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை நின்றுவிடக் கூடாது. அரசுக்கு நிலம் எடுக்கும் அதிகாரம் தேவை. அந்த அதிகாரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி நேரம் தேவை என்பதுதான் என் வாதம். ஆறு மாத ஆய்வுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். பரந்தூரில் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்ததே, ஆய்வு வேண்டாம் என்று விட்டதில் மிச்சமான காலம் எது?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். குடவோலை முறையைப் புகழும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். குடத்தில் பெயர் போட, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். உழுதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒருநாளும் போகவில்லை. பெண்களின் பெயரும் போகவில்லை. அந்த வழக்கம் சோழரோடு முடிந்துவிடவும் இல்லை. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், இந்த வட்டாரத்துத் தலித் மக்கள் நிலம் இல்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லாமல் வாழ்வதை அறிக்கையாக எழுதினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அது பிறர் கைக்குப் போன கதையும், அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்ட கதையும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைய நில எடுப்பிலும் பேச்சு வார்த்தைக்கு உட்காருபவர் பட்டாதாரர்தான். நாற்று நடப் போகிற பெண், குத்தகைக்கு உழுகிறவர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் எல்லாம் வெளியே நிற்கிறார்கள். 2013 சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. எடுப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றது. ஆனால் அவர்கள் யார், எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பதே சமூகத் தாக்க ஆய்வில்தான். ஆய்வை நீக்கிவிட்டால் அவர்கள் பெயரை எழுத யாருமில்லை. இந்த விலக்கால் அதிகம் இழந்தவர்கள் நிலமே இல்லாதவர்கள். எனக்கு இதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால், நடைமுறையில் உதவும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் கையில் வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 2013 சட்டமென்றால் ஆட்சேபணைக்கு 60 நாள்; தேசிய நெடுஞ்சாலைச் சட்டமென்றால் 21 நாள்தான். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சில் தாசில்தாரிடம் சொன்னது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாவை இப்போதே வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள்; இழப்பீடு நீதிமன்றத்தில் முடங்குவது பெரும்பாலும் இதனால்தான். பத்திரச் செலவைக் குறைக்க விற்பனை விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்தை விடுங்கள். பக்கத்து நிலங்களின் மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களைப் பார்த்துத்தான் உங்கள் நிலத்தின் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஊரே சேர்ந்து குறைத்து எழுதினால் ஊரே சேர்ந்து இழக்கும். வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் அரசு 33 விழுக்காடு குறைத்தபோது வாங்குகிறவர்கள் மகிழ்ந்தார்கள். நிலம் எடுப்பில் மாட்டியவர்களின் கணக்கும் கூடவே இறங்கியது. பணத்தை வாங்கும்போது, மறுப்புடன் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதாவிட்டால் கூடுதல் கேட்டு வழக்குப் போடும்போது தடையாகும். நகரமைப்புத் திட்ட வரைபடத்தில் உங்கள் இடத்தின் மேல் சாலை வரைந்து ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் வைத்திருந்தால், 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள். மூன்றாண்டுக்குள் எடுப்பதற்கான நடவடிக்கை இல்லையென்றால் அந்த இடம் விடுவிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

குத்தகைக்கு உழுகிறவர்கள் குத்தகைப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்யுங்கள். நிலச் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறீர்கள். தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரிதான் நாளைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே சான்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும், வரும் அக்டோபர் 2 கிராம சபையில், ஒரே தீர்மானத்தை எழுதுங்கள். அந்த மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர் கொடுத்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் சமூகத் தாக்க ஆய்வும் கிராம சபை விசாரணையும் நடக்க வேண்டும். ஏரி, மேய்க்கால், களம் எதைத் தொடுவதானாலும் அந்த ஊராட்சியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். பேரூராட்சிக்குக் கிராம சபை இல்லை. 2022 விதிகளின்படி பகுதி சபை இருக்கிறது, அதில் எழுதுங்கள். நோட்டீஸ் வந்த ஊர் எழுதுவதை அரசு சுயநலம் என்று சொல்லிவிடும். நோட்டீஸ் வராத ஊர்கள் எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது. நிலம் இல்லாதவர்களையும் பெண்களையும் முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் கையெழுத்தை முதலில் வாங்குங்கள்.